அருவிக்கும் லீவு

ஏப்ரல் கடைசியில் பல்கலைக்கழகப் பரீட்சை முடியும். ஜூன் நடுவில் கல்லூரி திறக்கும். ஜூன் முதல் வார வாக்கில் கேரளத்தில் பருவமழை இறங்கும்; மழைக்காற்று ஆரியங்காவுக் கணவாயில் நுழைந்து, மேற்கு மலையில் மேகத்தைக் கவிழ்த்து, குற்றாலத்தில் சாரல் விழ இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். இந்தத் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் ஒரு சதி தெரியும். மாணவனுக்கு லீவு விட்டிருக்கிற காலம் முழுக்க அருவிக்கும் லீவு. அருவி டியூட்டியில் சேருகிற அன்று மாணவனும் ஹாஸ்டலில் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

சதிக்கு மூலகர்த்தா வெள்ளைக்காரன் என்பது என் ஆராய்ச்சி முடிவு. சித்திரை வெயிலுக்குப் பயந்து கோர்ட்டையும் காலேஜையும் பூட்டிவிட்டு மலைக்கு ஓடுகிற வழக்கம் அவன் விட்டுவிட்டுப் போனது. சென்னை ஐகோர்ட்டுக்கு இன்றைக்கும் மே மாதம்தான் விடுமுறை. சரி, பயந்தான், ஓடினான். குளிர்நாட்டு உடம்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் அதே துரைமார் குற்றாலத்துக்கு மட்டும் மே மாதம் வரவில்லை. சீசன் பார்த்து ஜூன், ஜூலையில் வந்தார்கள். பங்களா கட்டினார்கள். குளித்துத் தலை துவட்டிக்கொண்டு, தென்னிந்தியாவின் ஸ்பா என்று பட்டமும் கொடுத்தார்கள். ஆக, தண்ணீர் எப்போது விழும் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்தும் நம் பையன்களுக்கு லீவை ஏப்ரல், மே என்று எழுதிவைத்தார்கள். பஞ்சம், நிலவரி, உப்பு வரி என்று நீளும் குற்றப்பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும் என்று 1990-ஆம் வருடக் கோடையில் ஒரு கட்டுரை எழுதினேன்.

அப்போது திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் வருட வரலாறு முடித்திருந்தேன். எங்கள் ஹால் டிக்கெட்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருந்தது. மனோன்மணியம் சுந்தரனார் அந்த செப்டம்பரில்தான் பிறக்கவிருந்தார், பல்கலைக்கழகமாக. படிப்பு வரலாறே தவிர, தொழில் எழுத்து என்று நானே முடிவு செய்திருந்தேன். ஹாஸ்டலில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடந்தது. ஆசிரியர் நான். அச்சகம் என் அறைத்தோழன், அவன் கையெழுத்து நன்றாக இருக்கும். வாசகர்களும் நாங்கள் இருவரே. இந்தப் புகழ் எப்படியோ பரவி, ஆண்டு மலருக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர் பரீட்சை முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டார். “நீ தென்காசிக்காரன்தானே? குற்றாலத்தின் வரலாறுன்னு ஒரு எட்டுப் பக்கம் எழுதிட்டு வாடே. லீவுல சும்மாத்தானே இருக்கப்போற?” என்றார்.

லீவில் சும்மா இருப்பது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கையில் பேனா வைத்திருக்கிறவன் கை சும்மா இருக்கிறது என்பது அம்மாவின் சட்டம். ரேஷன் கடையில் சீனி, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மில்லில் மாவு, ஆச்சிக்கு மூக்குப்பொடி. இலக்கியவாதியின் கோடைகாலம் பெரும்பாலும் சாக்குப்பையோடுதான் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் விடுதலை. தெருவே மகாபாரதம் பார்க்க டிவி இருக்கிற வீட்டில் கூடிவிடும். அம்மாவும் போய்விடுவாள். இந்தியில் சண்டை போடும் பீமனைத் தெருப் பெண்கள் தமிழில் உற்சாகப்படுத்தும் சத்தத்தில்தான் என் முதல் பக்கத்தை எழுதினேன்.

ஆதாரங்களுக்கு முதலில் ஆச்சியிடம் போனேன். ஆச்சிக்குப் பராக்கிரம பாண்டியனைத் தெரியும். கூடப் பழகினவள் போலத்தான் பேசுவாள். 15-ஆம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலைக் கட்டிய ராஜா அவர். காசிக்குப் போகும் தெற்கத்தி ஜனங்கள் ஊர் போய்ச் சேராமல் வழியிலேயே இறந்துபோனார்கள். எனவே தெற்கிலேயே ஒரு காசியைக் கட்டச் சொல்லிச் சிவன் கனவில் வந்து உத்தரவிட்டார், எறும்பு ஊர்ந்துபோகும் வழியைப் பின்தொடர்ந்தால் செண்பகக் காட்டில் லிங்கம் கிடைக்கும் என்று அடையாளமும் சொன்னார் என்பது தலவரலாறு. ஆச்சியின் பாடபேதம் வேறு.

“காசிக்குன்னு கெளம்புதவன்லாம் பாதி வழியில மண்டையப் போட்டா ராசா என்னல செய்யணும்? ரோடு போடணும், சத்திரம் கட்டணும். இவரு காசியவே இங்க தூக்கிட்டு வந்துட்டாரு. அதுவும் எறும்பு பின்னால போயி.”

“பெரிய பக்திமான் ஆச்சி.”

“நான் இல்லைன்னா சொல்லுதேன்? எறும்பு சீனி டப்பாவுக்குப் போயிருந்தா கோயில் நம்ம அடுப்பாங்கரையில இருந்திருக்கும். அதச் சொல்லுதேன்.”

பராக்கிரம பாண்டியனிடம் எனக்குப் பிடித்தது வேறு விஷயம். கோயிலில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது பழுது வந்து, அதை எவர் சரிசெய்தாலும், அவர் காலில் இப்போதே விழுந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். கட்டும்போதே ரிப்பேருக்கு முன்பணம் கொடுத்த ஒரே ராஜா. அவர் கணக்குத் தப்பவில்லை. ராஜகோபுரம் விழுந்தது. இடி என்பார்கள், தீ என்பார்கள். எதுவானாலும் வெகுகாலம் அது மொட்டைக் கோபுரம்தான். 20-ஆம் நூற்றாண்டிலும் பெரும்பகுதி அப்படியே. என் தாத்தா, அப்பா, நான் என மூன்று தலைமுறையும் மொட்டைக் கோபுரத்து நிழலில்தான் கோலி விளையாடினோம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டும்போது எங்களுக்குப் புரியாது. கோபுரம் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

1990-இல் அந்தக் கோபுரம் ஒன்பது நிலையும் முழுதாக எழும்பி, கும்பாபிஷேகத்துக்குக் காத்திருந்தது. முன்னின்று நடத்தியவர் தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தனார். அதாவது, பாண்டிய மன்னர் 500 வருடத்துக்கு முன்பே ஒரு பத்திரிகை முதலாளியின் காலில் விழுந்திருக்கிறார். எழுத்தாளர்கள் இதற்கு அப்புறம் வந்தவர்கள்தாம். இந்த வாக்கியத்தைக் கட்டுரையில் எழுதிவிட்டு, நாளைக்கு நாமும் தந்தியில் வேலைக்கு விண்ணப்பம் போடலாம் என்ற யோசனையில் அடித்தேன். இங்கே சேர்த்துவிட்டேன், இனி விண்ணப்பம் போடும் வயதில்லை.

தென்காசிப் பாண்டியர்களில் ஓர் எழுத்தாளரும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டு அதிவீரராம பாண்டியர். பள்ளிக்கூடத்தில் அவருடைய வெற்றிவேற்கையை மனப்பாடம் செய்யவைப்பார்கள். கல்லூரிக்குப் போனதும் பையன்கள் கொக்கோகத்தைத் தேடுவார்கள். அது அதிவீரராமர் எழுதியது என்று ஒரு கட்சி, அவர் உறவினர் வரதுங்கராமர் எழுதியது என்று மறு கட்சி. இருவருமே மறுக்கிற நிலையில் இல்லை. எங்கள் ஊர் நூலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கேட்கத் தைரியம் வராமல், “அதிவீரராமர் நூல்கள் எல்லாம் வேணும் சார், ஆராய்ச்சி” என்றேன். நைடதத்தைக் கொடுத்தார்கள். நளன், தமயந்தி, அன்னப்பறவை. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நைடதத்தை எழுதி முடித்ததும் அதிவீரராமர் வரதுங்கருக்கு அனுப்பினாராம். வரதுங்கரின் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, வேட்டை நாய் முதலில் பாய்ந்து ஓடிப் பிறகு இளைத்துப்போவதுபோல் நூல் இருக்கிறது என்று சொன்னாராம். செவிவழிக் கதைதான். ஆனால் எங்கள் ஊரில் எழுதப்பட்ட முதல் மதிப்புரை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ராஜாவுக்குக் கோபம் வந்ததாம். எழுத்தாளர்களில் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம், அவரிடம் யானைப்படை இருந்தது.

மே மாதம் சைக்கிளில் குற்றாலத்துக்குக் கள ஆய்வு போனேன். பேரருவியின் கீழே வரலாற்று மாணவன் ஒருவன் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது பாறை. சற்றே ஈரமான பாறை. நடுவில் ஒரு வாளித் தண்ணீரை யாரோ மேலே இருந்து தயக்கத்தோடு சிந்துகிற மாதிரி ஒரு கோடு. பாதி உயரத்தில் பொங்குமாகடல் இருக்கிறது. மேலிருந்து விழும் வெள்ளம் அந்தப் பள்ளத்தில் மோதி நிரம்பி, வேகம் தணிந்து பரவி விழுவதால்தான் கீழே நிற்கிற மனிதன் மண்டை உடையாமல் குளிக்கிறான். மே மாதம் அந்தப் பெயரைப் படித்தால் சிரிப்பு வரும். பொங்கவும் இல்லை, கடலும் இல்லை. காரணம் எளிது. இங்கே அணை இல்லை, பெரிய ஏரி இல்லை. சிற்றாறு பிறக்கிற அந்தக் கொஞ்ச மலைப்பரப்பில் மழை பெய்தால் அருவி, பெய்யாவிட்டால் பாறை. கடைகள் பலகை சாத்தியிருந்தன. எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சிகள் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ஆத்திரத்தில் குரங்குகள் மட்டும் நின்றன.

வேறு வழியில்லாமல் கோயிலுக்குள் போனேன். சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தலை ஈரத்தோடு இந்த வாசலைக் கடந்து சிப்ஸ் கடைக்குப் போய்விடுவார்கள். உள்ளே நடந்ததுதான் ஊரின் அசல் சரித்திரம். இது ஆதியில் பெருமாள் கோயில். பொதிகைக்குப் போகிற வழியில் அகத்தியர் வந்தார். திருநீறும் ருத்திராட்சமும் பார்த்து உள்ளே விட மறுத்துவிட்டார்கள். குறுமுனி வாதாடவில்லை, உண்ணாவிரதம் இருக்கவில்லை. பக்கத்தில் போய் நாமம் போட்டுக்கொண்டு, பெரிய வைணவராகத் திரும்பி வந்தார். கதவு திறந்தது. பூசை செய்கிறேன் என்று கருவறைக்குள் போனவர், நின்றுகொண்டிருந்த பெருமாளின் தலையில் கை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். பெருமாள் குறுகிச் சிவலிங்கமாகிவிட்டார். ஆள் மாறாட்டம், அத்துமீறி நுழைதல், சொத்து உருமாற்றம் என்று குறைந்தது மூன்று பிரிவில் வழக்குப் போடலாம். போட்டிருந்தாலும் வாதி பிரதிவாதி இருவருமே கருவறைக்குள் ஒரே ஆளாகிவிட்டதால் சாட்சி கிடைத்திருக்காது.

கதை இங்கே முடியவில்லை என்பதுதான் குற்றாலத்தின் தனிச்சிறப்பு. அகத்தியர் அழுத்திய வேகத்தில் சாமிக்குத் தலைவலி வந்துவிட்டது. லிங்கத்தின் மேல் முனிவரின் விரல் தடம் இருப்பதாகச் சொல்வார்கள். தலைவலி தீர மூலிகைத் தைலம் காய்ச்சித் தேய்க்கிறார்கள். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்ட முதல் ஆசாமி சாமிதான்; வெளியே படித்துறையில் லங்கோட்டோடு குப்புறப் படுத்து, முதுகில் மடேர் மடேர் என்று அடி வாங்குகிற சென்னை ஆடிட்டர் வரைக்கும் அது ஒரே பரம்பரை. தைலத்தோடும் விடவில்லை. பக்கத்திலேயே அருவி இரைகிறது, சாரல் அடிக்கிறது, சாமிக்குச் சளி பிடித்தால்? சுக்கு, மிளகு, கடுக்காய் போட்ட கஷாயம் நைவேத்தியம். மற்ற ஊர்ச் சாமிகள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும்போது எங்கள் ஊர்ச் சாமி கஷாயம் குடிக்கிறார். அருவி காய்ந்து கிடந்த அந்த மே மாதத்திலும் கஷாயம் நிற்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் சித்திர சபை. நடராஜர் ஐந்து சபைகளில் ஆடுகிறார்; இங்கே மட்டும் சுவரில் ஓவியமாக ஆடுகிறார். அந்த ஈரத்தில், அந்த வழுக்கல் பாறையில் நிஜமாக ஆட வேண்டாம் என்று யாரோ விவரமானவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். குற்றாலக் குறவஞ்சியைப் பாடியவர். கதை ஒரு மாணவ எழுத்தாளனுக்கு உடனே பிடிக்கும். கதையே அதிகம் கிடையாது. வசந்தவல்லி பந்தாடுகிறாள், பவனி வரும் குற்றாலநாதரைப் பார்க்கிறாள், பார்த்த உடனே காதல், சோறு தண்ணி இறங்கவில்லை. சிங்கி என்கிற குறத்தி வந்து கைபார்த்து, மாப்பிள்ளை சாட்சாத் சிவன்தான் என்று குறி சொல்லிப் பரிசு வாங்குகிறாள். அவ்வளவுதான், புலவர் கதாநாயகியை அம்போ என்று விட்டுவிட்டு, சிங்கியைத் தேடி அலையும் சிங்கன் பின்னால் போய்விடுகிறார். சிங்கன் கடைசியில் பெண்டாட்டியைக் கண்டுபிடித்ததும் முதலில் கேட்பது, உடம்பு முழுக்க இது என்ன நகை, யார் கொடுத்தது என்பதைத்தான். இன்றைக்கு இதை எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தால் கட்டமைப்பில் ஒருமை இல்லை என்று திருப்பித் தருவார். அன்றைக்கு மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலமே எழுதிக்கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். குறவஞ்சியில் ஆண் குரங்கு பெண் குரங்குக்குப் பழம் ஊட்டிக் கொஞ்சுகிறது. 1990-இல் அந்தக் காதல் ஜோடியின் வாரிசு ஒன்று என் சட்டைப்பையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, மூடியைக் கடித்துப் பார்த்து, சாப்பிடும் பொருள் இல்லை என்று தெரிந்ததும் சிற்றாற்றுக் கல்லிடுக்கில் எறிந்தது. எழுத்தைப் பற்றிய அம்மாவின் கருத்தும் ஏறக்குறைய அதுதான்.

பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. சாரலைப் பார்த்ததும் மற்றவர்களுக்குப் பாட்டு வந்தது, கம்பெனிக்கு லாபம் வந்தது. இந்த ஈரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் நன்றாக வரும் என்று தோட்டம் போட்டார்கள். இன்றைக்கும் சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற கடைகளுக்கு முன்னால் நிற்கும்போது, விலையைக் கேட்டதும், கம்பெனி முற்றிலும் வெளியேறிவிட்டதா என்ற சந்தேகம் வரும்.

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரிடம் வந்தபோது என் கட்டுரை பக்கக் கணக்கை மீறிவிட்டது. 1882-இல் பிறந்த டி.கே.சி. சட்டம் படித்தவர். படித்த சட்டத்தைக் கட்சிக்காரர்களுக்காகச் செலவழிக்காமல் கம்பருக்காகச் சேர்த்து வைத்தவர். இருபதுகளில் திருநெல்வேலியில் அவர் வீட்டில் வட்டத்தொட்டி என்று நண்பர்கள் கூடிக் கவிதை பேசினார்கள். நடுவில் அறநிலையத் துறையில் ஆணையராக இருந்தார். கடைசியில் குற்றாலத்தில் வந்து உட்கார்ந்தார். 1954-இல் காலமாகும்வரை குற்றாலத்தில் இரண்டு சீசன். ஒன்று அருவியுடையது, மற்றது வருடம் பூராவும் டி.கே.சி. வீட்டில். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். வந்தவர்கள் கவிதையைப் பற்றி எழுதினார்கள், கூடவே அந்த வீட்டு விருந்தைப் பற்றியும் எழுதினார்கள். தமிழ் இலக்கிய இயக்கங்களில் பல ஏன் தோற்றன என்பதற்கு என்னிடம் ஒரு கொள்கை உண்டு. அவை டீயும் பிஸ்கட்டும் மட்டுமே கொடுத்தன.

டி.கே.சி.யின் பெரிய காரியம் கம்பரைத் திருத்தியது. கம்ப ராமாயணம் பத்தாயிரம் பாட்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி கம்பர் எழுதியதே அல்ல, நடுவில் யார்யாரோ செருகியவை என்று ஒதுக்கினார். ஒதுக்காத பாட்டுகளிலும் இது கம்பர் சொல்லாக இருக்காது என்று தோன்றிய இடங்களில் வேறு சொல் வைத்தார். பண்டிதர்கள் கொதித்தார்கள், சுவடி எங்கே, ஆதாரம் எங்கே என்றார்கள். ஆதாரம் இதயம் என்பது அவர் கட்சி. எனக்கு இந்த ஆராய்ச்சி முறை அபாரமாகப் பிடித்துப்போனது. அடுத்த வருடத்துப் பாடப்புத்தகங்களை எடுத்துப் பிரயோகித்துப் பார்த்தேன். ஐரோப்பிய வரலாற்றில் பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியன் ரஷ்யாவுக்குப் போய் மாட்டிக்கொண்டதும் மட்டும் அசல், மற்றதெல்லாம் இடைச்செருகல். பொருளாதாரத்தில் அசல் என்று ஒரு பக்கமும் தேறவில்லை. கிண்டல் இருக்கட்டும், ஒரு பாட்டை வாய்விட்டுச் சொல்லி, அது நாக்கில் நிற்கிறதா என்று பார்க்கிற வழக்கத்தை இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கொடுத்தவர் அவர். எங்கள் தெருவில் கம்பரைப் படிக்காதவர்கள்கூட டி.கே.சி. படித்த கம்பரைச் சொல்லுவார்கள்.

தென்காசியிலிருந்து பத்திரிகைக்குப் போன பெரிய ஆள் டி. எஸ். சொக்கலிங்கம். 1934-இல் தினமணி தொடங்கியபோது அதன் ஆசிரியர். 1937 தேர்தலில் தென்காசியில் நின்று ஜெயித்தவர். டால்ஸ்டாயின் போரும் அமைதியும் நாவலைத் தமிழில் கொண்டுவந்ததும் அவர்தான். அத்தனை தடிப் புத்தகத்தைக் குனிந்து உட்கார்ந்து மொழிபெயர்க்க ஒரு தென்காசிக்காரனுக்கு எப்படிப் பொறுமை இருந்தது என்று வியந்திருக்கிறேன். கோடையில் மொழிபெயர்த்திருப்பார். சீசனில் முடியாது. எனக்குக் கிடைத்த பிரதியில் நடுப்பாகம் இல்லை. போர் முடிந்து அமைதி எப்படி வந்தது என்று இன்றுவரை ஊகித்துக்கொண்டிருக்கிறேன்.

கள ஆய்வின் இன்னொரு பகுதி செங்கோட்டைச் சாலையில், பிரானூரில் நடந்தது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம்முடையதில்லை, திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது எல்லைக்கோடு புளியரைக்கு அப்பால் நகர்ந்துவிட்டது. பிரானூர் மட்டும் பார்டர் என்ற பெயரை விடவில்லை. எல்லை போன இடத்தில் புரோட்டா இருக்கிறது. வாழையிலையில் பிய்த்துப்போட்ட சின்னப் புரோட்டா, அதன்மேல் சால்னா, பக்கத்தில் கோழி. நான் சைவ வீட்டுப் பிள்ளை. மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் விளைவுகளை நேரில் அறிய வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிர் பெஞ்சில் அப்பாவின் நண்பர். திருநீற்றுப் பட்டை அழியாமல் இலையில் குனிந்திருந்தார்.

“என்னடே, இந்தப் பக்கம்?”

“காலேஜ் மலருக்கு ஒரு ஆராய்ச்சி, மாமா.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “எனக்கும் அதுதாம்டே. வீட்ல சொல்லிக்கிடாத” என்றார். என் இலைக்கும் அவரே காசு கொடுத்தார். ஆராய்ச்சிக்கு எனக்குக் கிடைத்த ஒரே நிதியுதவி.

ஜூன் பிறந்ததும் வீட்டுக்குப் போஸ்ட்கார்டுகள் வரத் தொடங்கின. தென்காசியில் வீடு இருக்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் சீசனில்தான் உயிர்த்தெழுவார்கள். பிப்ரவரியில் நாம் இருக்கிறோமா இல்லையா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஜூனில் மதுரை, மெட்ராஸ், பம்பாய் வரைக்கும் நம் உடல்நலத்தில் அக்கறை பிறக்கும். நலம், நலமறிய ஆவல், அருவியில் தண்ணீர் விழுகிறதா, உடன் பதில் போடவும். அப்பா பதில் எழுதுகிற வேலையை எழுத்தாளனான என்னிடம் ஒப்படைத்தார். தண்ணீர் விழவில்லை என்று எழுதிப் போட்ட கார்டு மதுரைக்குப் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் விழுந்துவிடும். விழுகிறது என்று எழுதிப் போட்டால் அவர்கள் மூட்டை முடிச்சோடு கொல்லம் மெயிலில் வந்து இறங்குகிற அன்று வெயில் அடிக்கும். வந்தவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையில், குழாயைத் திருகி மூடியவன் நான்தான் என்ற தீர்ப்பு இருக்கும். நான் எழுதியவற்றிலேயே பரவலாகப் படிக்கப்பட்டதும் உடனடி விளைவை ஏற்படுத்தியதும் அந்தக் கார்டுகள்தாம்.

இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில் கேமரூன் அர்ஜென்டினாவைத் தோற்கடித்த இரவு காற்று மாறிவிட்டது. மேற்கே இருந்து வந்த காற்றில் கோயில் வாசலில் நிற்பவர்களின் வேட்டி ஒரு நிலைக்கு வரவில்லை. திரிகூடமலை காலையிலிருந்து காணவில்லை, மேகம் எடுத்துக்கொண்டது. “சாரக்காத்து வந்துட்டு” என்றாள் ஆச்சி, மூக்குப்பொடியை இழுத்தபடி. மறுநாள் கடைகளின் பலகைகள் திறந்தன, எண்ணெய் அண்ணாச்சிகள் துண்டோடு வந்து சேர்ந்தார்கள், ஐந்தருவி ரோட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரியத் தொடங்கியது. வாசலில் கல்லூரியிலிருந்து வந்த அட்டையும் கிடந்தது: திறக்கும் தேதி, கட்ட வேண்டிய கட்டணம்.

வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குற்றாலத்திலேயே ஒரு கல்லூரி இருக்கிறது, 1964-லிருந்து. பராசக்தி கல்லூரி. வகுப்புக்குப் போகிற வழியிலேயே சாரல், ஜன்னலைத் திறந்தால் மலை. நான் அங்கே சேர்ந்திருக்கலாம், அது பெண்கள் கல்லூரி என்ற ஒரே ஒரு தடை மட்டும் இல்லாதிருந்தால். அகத்தியர் நினைவு வந்தது. வேஷம் மாற்றிக்கொண்டு உள்ளே போகிற துணிச்சல் அவருக்கு இருந்தது.

கிளம்புகிற அன்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் வருகிற பஸ்ஸெல்லாம் படிக்கட்டு வரை ஆள். தலையில் எண்ணெய், தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா என்று ஊருக்குள் நுழைந்துகொண்டே இருந்தார்கள். புறப்படுகிற கட்டபொம்மன் பஸ்ஸில் நானும் இன்னும் சில டிரங்குப் பெட்டிக்காரர்களும். பாவூர்ச்சத்திரம் வரை முகத்தில் சாரல் அடித்தது. ஆலங்குளத்தில் காற்று மட்டும். திருநெல்வேலியில் இறங்கினால் வெயில், புழுதி, அதே மே மாதம். மேற்கு மலை மழையை மறித்து வைத்துக்கொண்டு, வெறும் காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பும். மாத இறுதியில் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. பராக்கிரம பாண்டியன் முன்கூட்டியே போட்ட கும்பிடு போய்ச் சேர்ந்த நாள். ஹாஸ்டல் வராந்தாவில் தினத்தந்தியில் படித்துத் தெரிந்துகொண்டேன். பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள், போடாமல் என்ன செய்வார்கள்.

கட்டுரையைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். எட்டுக்குப் பதில் இருபத்திரண்டு பக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அகத்தியர் பக்கத்தில் புருவம் ஏறியது. கொக்கோகத்தைத் தாண்டும்போது இருமினார். டி.கே.சி. பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு சிவப்பு மையைத் திறந்து, ரசிகமணியின் வழியிலேயே, என் பாட்டில் எது அசல், எது இடைச்செருகல் என்று இதயத்தால் அறிந்து கோடு போட ஆரம்பித்தார். முடித்தபோது தலைப்பும், அருவிகளின் பெயர்களும், என் பெயரும் தப்பியிருந்தன.

தாள்களை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டு, எழுந்து கதவைச் சாத்தினார். குரல் தணிந்தது.

“ஜூலை ரெண்டாம் சனிக்கிழமை நாங்க குடும்பத்தோட வாரோம். மச்சினன் வீட்டு ஆட்களும் சேர்ந்து பதினோரு பேரு. பேரருவி பக்கத்துல ஒரு ரூம் சொல்லி வைக்க முடியுமாடே?”

அப்பாவுக்குக் கார்டு எழுதிப் போட்டேன். அந்த வருட மலரில் கட்டுரை வரவில்லை. ரூம் கிடைத்தது.